தொழிற்சாலை ஷெட் கட்டர் அடைப்பு: ஆளை கூரை மேல ஏத்தாமலே சுத்தம் பண்ண முடியுமா? எந்த வேக்கம் மெஷின் சரியா இருக்கும்?

செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஷெட்தான். இரும்பு உருக்கு ஆலை, ரோலிங் மில், ஃபவுண்டரி, கெமிக்கல் யூனிட், குடோன் என எதுவாக இருந்தாலும் மேலே இருப்பது தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காக்களூர், திருமழிசை, தேர்வாய் கண்டிகை எனத் திருவள்ளூர் மாவட்டத்தின் மற்ற தொழிற்பேட்டைகளிலும் இதே காட்சிதான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்த ஷெட்களில் ஒரே மாதிரி ஒரு போன் போகும். "சார், உள்ளே தண்ணி ஊத்துது, பேனல் போர்டு பக்கத்துல சொட்டுது, யாரையாச்சும் மேல ஏத்துங்க." கூரையில் ஓட்டை இல்லை. கட்டர் அடைத்திருக்கிறது. மேலே ஏற்றப்படுபவர் பெரும்பாலும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. கையில் ஒரு கரண்டி, ஒரு சிமெண்ட் சாக்கு. ஷீட் நனைந்து வழுக்குகிறது, கீழே சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார்.

அந்த ஆளை மேலே ஏற்றாமல் இந்த வேலையை முடிக்க முடியுமா? முடிந்தால் அதற்கு எந்த மெஷின் வேண்டும், எங்கே அது உதவாது? பார்க்கலாம்.

முதல்ல கட்டர்னா எது?

வெட்டுகிற கட்டர் இல்லை. கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடித்து பைப் வழியாகக் கீழே இறக்கும் தகர வாய்க்காலைத்தான் ஷெட் அடிப்பவர்கள் கட்டர் என்கிறார்கள். (இலங்கைத் தமிழில் இதற்குப் 'பீலி' என்று அழகான ஒரு சொல் இருக்கிறது. நம்ம ஊர் ஃபேப்ரிகேட்டரிடம் அப்படிக் கேட்டால் முழிப்பார்.)

இதில் இரண்டு வகை உண்டு. ஷெட்டின் வெளி ஓரத்தில் ஓடுவது ஓரக் கட்டர். இரண்டு ஷெட்கள் ஒட்டி நிற்கும்போது, இரு கூரைகளும் சரிந்து சேருகிற பள்ளத்தில் ஓடுவது வேலி கட்டர். 'வேலி' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கில வார்த்தை, தோட்ட வேலி அல்ல. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும்.

ஓரக் கட்டர் அடைத்தால் தண்ணீர் வெளியே வழியும், சுவர் நனையும், அவ்வளவுதான். வேலி கட்டர் அடைத்தால் தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை. ஷெட்டுக்குள், மெஷின் மேலேயே கொட்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும்?

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள இரண்டு ஷெட்கள் ஒட்டி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள வேலி கட்டருக்கு ஒவ்வொரு கூரையிலும் பாதி, ஆக மொத்தம் 1,000 சதுர மீட்டர் தண்ணீர் வரும்.

வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தாலே 'கனமழை' என்கிறது. அந்தக் கனமழையின் தொடக்க அளவிலேயே இந்த ஒரு கட்டர் வழியாக 64,500 லிட்டர் இறங்க வேண்டும். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் ஐந்துக்கும் மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர் பகுதிகளைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் 'கனமழை' என்ற வார்த்தையே சின்னதாகிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இரண்டு அடி அகலம், ஒரு அடி ஆழம் உள்ள 50 மீட்டர் கட்டர், வாய் அடைத்து முழுக்க நிரம்பினால் அதில் நிற்கும் தண்ணீரின் எடை சுமார் 9 டன். சேற்றையும் சேர்த்தால் இன்னும் அதிகம். துருப்பிடித்த பழைய கட்டர் அப்படியே அறுந்து விழுந்தால், அதற்குக் கீழே ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

கும்மிடிப்பூண்டி கட்டரில் என்னதான் இருக்கு?

மெஷின் பற்றி இணையத்தில் வரும் வீடியோக்களில் பாதி வெளிநாட்டு வீடுகள். அங்கே கட்டரில் இருப்பது இலையும் பாசியும். இங்கே கதை வேற.

வேப்ப மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டுகிறது. கடலோரப் பக்கம் போனால் சவுக்கு ஊசிகள். அது அப்படியே கோடை முழுக்க கட்டரில் கிடந்து பொடியாகிறது. அதன்மேல் ரோலிங் மில்லின் இரும்புத் தூள், ஃபவுண்டரி மணல், சாலைப் புழுதி. ஜூலை, ஆகஸ்ட்டில் சாயங்கால மழை நாலு முறை பெய்ததும் எல்லாம் சேர்ந்து கெட்டியான கறுப்புக் களியாகிவிடும். இரும்புத் தூள் துருப்பிடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி அடை போலப் பிடித்துக்கொள்ளும். அதில் காக்கா போட்ட விதையிலிருந்து அரச மரக் கன்று வேறு முளைத்திருக்கும். வேர் நேராக மழைநீர் பைப்புக்குள் இறங்கும். கூடவே புறா எச்சம், செத்த அணில், வெல்டிங் ராடு துண்டு, கூரை போட்டபோது விட்டுப்போன போல்ட், வாஷர்.

அதாவது நீங்கள் உறிஞ்சப் போவது குப்பை அல்ல, கிட்டத்தட்ட ஈர சிமெண்ட் கலவை. இதை மனதில் வைத்துத்தான் மெஷினைத் தேட வேண்டும்.

ஆளை ஏற்றினா என்ன ஆகும்?

ஷீட் கூரையில் ஏறுகிறவர்கள் ஓரத்திலிருந்து விழுவதைவிட ஷீட் உடைந்து உள்ளே விழுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேலே பார்க்கத் திடமாக இருக்கும். கால் வைத்த நொடியில் பிளக்கும், முன்கூட்டி ஒரு சத்தமும் கொடுக்காது.

அதைவிட மோசம், வெளிச்சத்துக்காக இடையிடையே போடும் கண்ணாடி நார் ஷீட். புதுசாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரியும். ஐந்தாறு வருஷப் புழுதி படிந்த பிறகு பக்கத்துத் தகரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. "போல்ட் லைன் மேலேயே நடந்தா ஒண்ணும் ஆகாது" என்று சீனியர்கள் சொல்வார்கள். போல்ட்டுக்குக் கீழே இரும்புச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் மழையில் ஒரு வழுக்கல், ஒரு தடுமாற்றம் போதும், கால் அடுத்த இடத்தில் போய் நிற்கும். "கட்டருக்குள்ளேயே நடந்து போறேன்" என்பதும் பாதுகாப்பு இல்லை. கட்டர் அடித்தகடு துருப்பிடித்து எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது சேற்றுக்கு மேலே நிற்கிறவருக்குத் தெரியாது.

உயரத்தில் வேலை செய்பவர் விழாமல் இருக்கத் தடுப்பு முதலிய ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவே சொல்லியிருந்தது. இது இன்றைக்கு வந்த புது விஷயம் இல்லை. கான்ட்ராக்டர் ஆள்தானே என்று ஆலை நிர்வாகம் ஒதுங்கவும் முடியாது. விபத்து நடந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் முதலில் கேள்வி கேட்பது ஆலையின் பொறுப்பாளரைத்தான்.

கட்டர் வேக்கம் எப்படி வேலை செய்யுது?

தரையில் ஒரு பெரிய டிரம். அதன் தலையில் இரண்டு அல்லது மூன்று மோட்டார். டிரம்மிலிருந்து ஒரு ஹோஸ், ஹோஸ் முனையில் ஒன்றோடொன்று செருகி நீட்டக்கூடிய பைப்கள். மேல் முனையில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு மூக்கு, அதன் பக்கத்தில் ஒரு குட்டி கேமரா. ஒருவர் கீழே நின்றபடி பைப்பைப் பிடித்து மூக்கைக் கட்டருக்குள் இறக்குவார். இன்னொருவர் கையில் இருக்கும் ஸ்கிரீனில் பார்த்து வலது, இடது சொல்வார். களி பைப் வழியாக இறங்கி டிரம்முக்குள் விழும்.

இங்கேதான் வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் வருகிறது. கடையில் முதலில் சொல்வது வாட்ஸ், இல்லையென்றால் ஹெச்.பி. இரண்டுமே மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்றுதான் சொல்கின்றன, எவ்வளவு களியை இறக்கும் என்று அல்ல. கேட்க வேண்டியது வேறு இரண்டு எண்கள்.

முதல் எண், உறிஞ்சு விசை. இதை 'வாட்டர் லிஃப்ட்' என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். இந்த மாதிரி மோட்டார்களில் அது 2,000-லிருந்து 2,800 வரை இருக்கும். 2,500 என்றால் தண்ணீரை ஒரே தூணாக இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும், அதற்கு மேல் நகராது. வெறும் உறிஞ்சலால் தண்ணீரைத் தூக்குவதற்கு இயற்கையே சுமார் 10.3 மீட்டரில் கோடு போட்டிருக்கிறது. காற்றழுத்தத்தின் எல்லை அது. கழிவுநீர் லாரியில் இருக்கும் பெரிய வேக்கம் பம்ப் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகும். டிரம் வேக்கம் போகாது.

அப்படியென்றால் 8 மீட்டர் உயரக் கட்டரிலிருந்து களி எப்படி வருகிறது? காற்றோடு சேர்ந்து வருகிறது. களியும் தண்ணீரும் துளித்துளியாக, கட்டி கட்டியாகக் காற்றோட்டத்தில் அடித்துக்கொண்டு வருகின்றன. மூக்கை முழுக்கத் தண்ணீருக்குள் முக்கிவிட்டால் காற்று நின்றுவிடும். மோட்டார் கத்தும், ஒன்றும் வராது. புதுசாக மெஷின் வாங்கியவர்கள் "உறிஞ்சவே மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுக்கப் போவது பெரும்பாலும் இதனால்தான். மூக்கு பாதி களியில், பாதி காற்றில் இருக்க வேண்டும். ஸ்ட்ராவில் ஜூஸ் கடைசியில் 'கர்ர்ர்' என்று சத்தம் வருமே, அந்தச் சத்தம் தொடர்ந்து கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அதனால் இரண்டாவது எண், காற்றின் அளவு, இன்னும் முக்கியம். நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்பது அது. ஒரு மோட்டாருக்கு ஏறக்குறைய 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மோட்டார் போட்டால் காற்றின் அளவுதான் கூடும், வாட்டர் லிஃப்ட் கூடாது. "மூணு மோட்டார் சார், மூணு மடங்கு உயரம் தூக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பைப் பெருசா இருந்தா நல்லதுதானே?

இல்லை. 2 இன்ச் பைப்பில் நொடிக்கு 50 லிட்டர் காற்று போனால் அதன் வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். ஈரக் கட்டியை அடித்துக்கொண்டு வர அந்த வேகம் தேவை. அதே காற்றை 4 இன்ச் பைப்பில் விட்டால் வேகம் நாலில் ஒரு பங்கு, மணிக்கு 23 கிலோமீட்டர்தான். கட்டி பாதி வழியில் நின்று பைப்பின் வளைவில் குந்திக்கொள்ளும். ஒன்றரை இன்ச்சில் வேகம் கூடும், ஆனால் உரசலில் காற்று குறையும், வேப்பங்குச்சியோ போல்ட்டோ குறுக்கே மாட்டும். அதனால்தான் இந்த வேலைக்கான செட்கள் பெரும்பாலும் 2 இன்ச்சை ஒட்டி வருகின்றன. வீட்டு வேக்கம் கிளீனரின் ஹோஸை 4 இன்ச் பி.வி.சி. பைப்போடு இணைத்து 'ஜுகாட்' பண்ணுகிறவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கும் பதில் இதுதான்.

ஹோஸ் நீளமும் காற்றைத் தின்னும். டிரம்மைக் கட்டருக்கு நேர் கீழே உருட்டிக்கொண்டு போங்கள். 20 மீட்டர் ஹோஸ் போட்டு ஒரே இடத்தில் உட்கார வேண்டாம்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

8, 10 மீட்டர் உயரத்துக்கு அலுமினியப் பைப்பை நிமிர்த்திப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் தோள் போய்விடும். கார்பன் ஃபைபர் மிகவும் லேசு, வளையாது, விலை அதிகம். இதுவரைக்கும் கார்பன்தான் ஜெயிக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைச் சில விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை: கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். கறுப்பாக, பிளாஸ்டிக் மாதிரி இருப்பதால் பலர் இன்சுலேட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சிப்காட்டுக்குள் ஷெட் ஓரமாகவே உயர் மின்னழுத்தக் கம்பிகள் போகும் இடங்கள் எத்தனை என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். கண்ணாடி நார் பைப் காய்ந்திருக்கும்போது கடத்தாது. ஆனால் உள்ளே ஓடுவது இரும்புத் தூள் கலந்த ஈரக் களி என்பதால் அதையும் நம்பக் கூடாது. எந்தப் பைப்பாக இருந்தாலும் விதி ஒன்றுதான். பைப் கை நழுவிச் சாய்ந்தால் கம்பியைத் தொடும் தூரத்தில் இருக்கிறதா? அப்படியென்றால் லைன் ஆஃப் பண்ணாமல் அந்த இடத்தில் வேலை இல்லை. சாய்வது எந்தப் பக்கமும் நடக்கும், அதனால் சுற்றிலும் பாருங்கள்.

பிளக் பாயிண்ட் தாங்குமா?

1,200 வாட் மோட்டார் மூன்று என்றால் 3,600 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15.7 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பிளக்கின் விளிம்பு அது. ஆபீஸ் ரூமில் இருக்கும் சின்ன பிளக்கில் சொருகவே கூடாது, அது ஒரு மோட்டாருக்கே திணறும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மி.மீ. காப்பர் இருக்கட்டும். சுருளாக இருந்தால் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடாகி உருகும். ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத பாயிண்ட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதென்றால் 5 கே.வி.ஏ. வேண்டும், மோட்டார்களை ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பழைய செகண்ட் ஹேண்ட் மெஷின்கள் சிலது 110 வோல்ட். பிரிட்டனில் கட்டட வேலை இடங்களில் அந்த வோல்ட்டேஜ் சகஜம். நம்ம பிளக்கில் சொருகினால் புகைதான் வரும்.

கெமிக்கல் யூனிட், ஃபவுண்டரிக்காரங்க இதைத் தனியா படிக்கணும்

சாதாரண வேக்கம் மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விடும். பெயிண்ட், சால்வென்ட் ஆவி இருக்கும் இடத்திலும், அலுமினியத் தூள், ரப்பர்க் கரித்தூள் கூரையில் படிந்திருக்கும் இடத்திலும் இந்த மெஷினை ஓட்டுவது தீக்குச்சி உரசுவது போலத்தான். அங்கே வெடிப்புத் தடுப்புச் சான்று உள்ள மெஷின் வேண்டும், அது வேறு விலை, வேறு ரகம். இல்லையென்றால் கட்டர் சுத்தத்துக்கு ஷட்டவுன் நாளில் வேறு வழி பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் இன்னொரு தொல்லை. இந்த ஷீட் இந்தியாவில் தடை செய்யப்படவில்லை, ஆனால் கல்நார் எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மழையில் தேய்ந்த ஷீட்டின் இழைகள் சேருமிடம் கட்டர்தான். காய்ந்த நிலையில் சாதாரண ஃபில்டர் போட்ட வேக்கத்தில் உறிஞ்சினால், களி டிரம்மில் விழும், கண்ணுக்குத் தெரியாத இழை மெஷினின் பின்பக்கம் வழியாக உங்கள் முகத்துக்கு வரும். நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், ஹெப்பா ஃபில்டர் உள்ள மெஷின் வேண்டும், நல்ல மாஸ்க் வேண்டும். புறா எச்சத்துக்கும் இதே முறைதான், அதிலிருந்து நுரையீரல் தொற்று வரும்.

பிரஷர் வாஷர் கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இழை எல்லாப் பக்கமும் தெறிக்கும். தகரக் கூரையிலும் பிரஷர் வாஷரால் பெரிய லாபம் இல்லை. கட்டரில் இருந்த களியை மழைநீர் பைப்புக்குள் தள்ளி, கீழ் வளைவில் புது அடைப்பை உண்டாக்கும். இலை ஊதும் புளோயர் காய்ந்த இலைக்கு ஓகே. ரோலிங் மில் ஷெட்டில் அதை ஆன் செய்தால் அடுத்த ஷெட்காரர் சண்டைக்கு வருவார்.

வேலி கட்டருக்கு வேக்கம் உதவுமா?

நேர்மையாகச் சொன்னால், பாதிதான். ஓரக் கட்டர் என்றால் 10 மீட்டர் வரை தரையில் நின்றே முடித்துவிடலாம். ஷெட்களின் நடுவில் ஓடும் வேலி கட்டரைத் தரையிலிருந்து தொடவே முடியாது. முகப்பு முனையிலிருந்து பைப்பைப் படுக்கையாக நீட்டி சில மீட்டர் எடுக்கலாம், அதுவும் பூம் லிஃப்ட் கூடையில் நின்று. மிச்சத்துக்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போகிறார் என்றால் அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஷீட் மேல் கால் வைக்காமல் நடக்க, சட்டத்திலிருந்து சட்டத்துக்கு எட்டும் நடைபலகை. கட்டர் நீளத்துக்கும் நிரந்தரமாகக் கட்டிய உயிர்க்கயிறு. ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டுவது அல்ல, அது விழும்போது முதுகை உடைக்கும். கீழே வலை, வலைக்குக் கீழே ஆள் நடமாட்டம் கூடாது. பெல்ட் போட்டு, கொக்கியை மாட்ட இடமில்லாமல் தோளில் தொங்கவிட்டு நடக்கும் காட்சியை நிறைய ஷெட்களில் பார்க்கலாம். போட்டோவுக்குத்தான் அந்த பெல்ட்.

பழைய ஷெட்டில் இத்தனையும் செய்யச் செலவாகும்தான். புது ஷெட் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலி கட்டரே வராத மாதிரி டிசைன் கேளுங்கள். முடியாதென்றால் கட்டரை ஒட்டி கைப்பிடியுள்ள நடைபாதையை முதல் நாளே போடச் சொல்லுங்கள். பைப் வாயில் பந்து மாதிரி கம்பி வலை, கட்டர் முனையில் கூடுதல் வழிவு ஓட்டை இரண்டும் சின்னச் செலவு. பைப் அடைத்தாலும் தண்ணீர் உள்ளே விழாமல் வெளியே கொட்டும்.

பைப்புக்கு வேற டூல், குழிக்கு வேற சட்டம்

கட்டர் சுத்தமான பிறகும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு மழைநீர் பைப்பில். இதை மேலிருந்து குத்தாதீர்கள், களி இன்னும் இறுகும். கீழ் முனையைக் கழற்றி அங்கிருந்து பிளம்பர் ஸ்பிரிங் விடலாம். பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சி முன்னே ஊர்ந்து போகும் ஜெட் நாசில் இருந்தால் இன்னும் நல்லது. கழற்றும்போது பைப்புக்கு நேர் கீழே நிற்காதீர்கள். பத்தடி உயரத் தண்ணீரும் களியும் தலையில் இறங்கும். அரச மரக் கன்றை மெஷின் பிடுங்காது, நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் அறுத்துவிட்டு வேரைப் பைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

பைப் தரையில் போய்ச் சேரும் குழி சாதாரண மழைநீர்க் குழியா, கழிவுநீரும் கலந்ததா? கலந்திருந்தால் இந்த டிரம் வேக்கத்தின் வேலை அத்தோடு முடிந்தது. கழிவுநீர்க் குழியையோ செப்டிக் டேங்கையோ பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்கி அபாயகரமாகச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆலைக்குள் இருக்கும் தொட்டிக்கும் உறிஞ்சும், பீய்ச்சும் லாரிதான். "அரை அடி சேறுதானே, ரெண்டு நிமிஷம் இறங்கிட்டு வந்துடுவான்" என்பது வேண்டாம். அழுகிய சேற்றைக் கிளறும்போதுதான் விஷவாயு கிளம்பும். முதலில் மூக்கின் வாசனை உணர்வைத்தான் அது கொல்லும்.

எடுத்த களியை எங்கே கொட்டறது?

90 லிட்டர் டிரம் நிறைய இரும்புக் களி என்றால் நூறு கிலோவுக்கு மேல். இரண்டு பேர் தூக்கிக் கவிழ்க்க முடியாது. அதனால் சாய்த்துக் கொட்டும் வசதியோ, அடியில் பெரிய வால்வோ உள்ள டிரம்மாகப் பாருங்கள்.

கொட்டும் இடம் வேலிக்கு வெளியே உள்ள ஓடை அல்ல. இந்தப் பக்கத்து மழைநீர் ஆரணி ஆறு, பழவேற்காடு, எண்ணூர் கழிமுகம் என்று போய்ச் சேருகிறது. வெறும் இலைக் களி என்றால் குப்பையோடு போகலாம். உலோகத் தூள், கெமிக்கல் படிவு, ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருந்தால் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படிதான் அகற்ற வேண்டும். அதற்கான பொது மையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது என்பதால் "அனுப்ப இடமில்லை" என்ற சாக்கு இங்கே எடுபடாது.

சொந்தமா வாங்கறதா, ஆள் வெச்சு செய்யறதா?

ஒரே ஒரு சின்ன ஷெட் உள்ளவர் மெஷின் வாங்கத் தேவையில்லை. வருஷத்தில் இரண்டு முறைதான் வேலை. செப்டம்பர் கடைசியில், பருவமழைக்கு முன் ஒரு தடவை. நவம்பர் நடுவில், மழை இடைவெளி விடும்போது இன்னொரு தடவை. பக்கத்து யூனிட்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்கலாம், அல்லது மெஷினோடு வரும் ஆட்களிடம் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வேலைக்கு முன், பின் கேமரா வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு ஆளை மேலே அனுப்பினால் மெஷின் வைத்ததற்கு அர்த்தமே இல்லை.

வாங்குவதாக முடிவு செய்தால் ஷோரூம் டெமோவை நம்பாதீர்கள். அங்கே தெர்மகோல் உருண்டையை உறிஞ்சிக் காட்டுவார்கள். உங்கள் கட்டரிலிருந்தே ஒரு பக்கெட் களி எடுத்துவைத்து, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, மெஷினை உங்கள் ஷெட்டுக்கு வரவழையுங்கள். பக்கெட்டை பூம் லிஃப்ட்டிலோ மாடிப்படி மேலேயோ கட்டர் உயரத்தில் வையுங்கள். முழு நீளப் பைப்பையும் மாட்டச் சொல்லி, கீழே நின்று உறிஞ்சச் சொல்லுங்கள். பக்கெட் எத்தனை நிமிஷத்தில் காலியாகிறது, வளைவில் எத்தனை தடவை அடைக்கிறது, பைப்பைப் பிடித்திருப்பவர் எப்போது "அண்ணே, கொஞ்சம் மாத்திப் பிடிங்க" என்கிறார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசிக்கொள்ளலாம்.